நாகப்பட்டினத்தில் லேசான தூறல்

சென்னை, வேளச்சேரி
நவம்பர் 23

அன்புள்ள ஜோதிக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்து நாலு மாதம் ஆகிறது. "போன்ல கத்துவீங்க. சொல்றதை எழுதி அனுப்புங்க" என்றாய். இதோ எழுதுகிறேன்.

வங்கக்கடலில் புயல் உருவாகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனில் நாகப்பட்டினத்து வானிலையைப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை அங்கேதான் கரையைக் கடக்கும் என்கிறது. ஓட்டு வீடு தாங்காது. வியாழக்கிழமையே பூவிழியைக் கூட்டிக்கொண்டு புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விடு. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் ரெமிஜியஸ்

*

வேளாங்கண்ணி
நவம்பர் 25

மரியே வாழ்க!

பூவிழி அப்பாவுக்கு,

கஜா புயலின்போதும் போனைப் பார்த்துத்தானே, "கடலூர் பக்கம் போயிடும், வீட்டை விட்டு நகராதே" என்றீர்கள்? மூன்று வயதுப் பிள்ளையோடு கட்டிலுக்கடியில் கிடந்தேன். ஓடு விழுந்த தழும்பு இன்னும் அவள் முழங்கையில் இருக்கிறது. அதைப் பற்றி ஆடி மாதம் கேட்டதற்கு, "அப்படித்தான் காட்டுச்சு, நான் என்ன செய்ய?" என்று கத்தினீர்கள். ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை. எப்போது கிளம்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் பக்கமும் பெருமழை இருக்கிறதாம். வண்டியை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். மாடியில் அனுராதா அம்மாவிடம் தங்க இடம் கேளுங்கள். வீட்டுக்காரம்மா ஆயிற்றே என்று கூச்சப்பட்டுக்கொண்டு கீழே கிடக்காதீர்கள்.

அருள்ஜோதி

*

வேளாங்கண்ணி
டிசம்பர் 1

பூவிழி அப்பாவுக்கு,

புயல் இங்கே வரவில்லை, வடக்கே திரும்பிவிட்டது. நாங்கள் வியாழக்கிழமையே மையத்துக்குப் போய்விட்டோம். நீங்கள் சொன்னதற்காக அல்ல, பிள்ளைக்காக.

சனிக்கிழமை பிளாக்கை எடுத்துவிட்டுக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். நேற்றும் அப்படித்தான், இன்று காலையும் அப்படித்தான். டிவியில் உங்கள் தெருமுனைப் பால் கடை பாதி முழுகிக் கிடக்கிறது.

என் போனில் இத்தனை நாளும் வேளச்சேரியைத்தான் வைத்திருக்கிறேன். எவ்வளவு கோபமிருந்தாலும் எழுந்ததும் உங்களுக்கு மழையா என்று பார்த்துவிடுவேன். இப்போதும் மழையைக் காட்டுகிறது. நீங்கள் எங்கே என்று யாரைக் கேட்பேன்?

இந்தக் கடிதத்தைத் தபால்காரர் எந்த வீட்டில் கொடுப்பார் என்று தெரியவில்லை. கூப்பிடுங்கள். நான் சண்டை போட மாட்டேன்.

ஜோதி

*

சென்னை
டிசம்பர் 3

அன்புள்ள ஜோதிக்கு,

உயிரோடு இருக்கிறேன். அனுராதா அம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் தண்ணீரோடு போய்விட்டது. உன் நம்பரும் அதற்குள்தான் இருந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உன் விலாசம் மட்டும்.

உன் 25ஆம் தேதிக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வண்டியை மேம்பாலத்தில் விட்டேன். மாடியில் இடம் கேட்கத்தான் வாய் வரவில்லை. சனிக்கிழமை விடியற்காலை கணுக்கால் அளவு தண்ணீர். அப்போதும் உன் ஊரைத்தான் பார்த்தேன். "நாகப்பட்டினம்: லேசான தூறல்" என்று இருந்தது. நீங்கள் தப்பித்துவிட்டீர்கள் என்று கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். வேளச்சேரிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கவே தோன்றவில்லை. பிறகு தண்ணீர் ஏறிவிட்டது, கதவைத் திறக்க முடியவில்லை. அனுராதா அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, ஜன்னல் கம்பியை அறுத்து என்னை வெளியே இழுத்தார்கள்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபோதுதான், நீ கட்டிலுக்கடியில் கிடந்தது எனக்குப் புரிந்தது. போன் மேல் தப்பில்லை. நகராதே என்று சொன்னது நான்தான். ஏழு வருடமாகச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம். பூவிழியின் முழங்கையை ஒரு முறை பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன்.

ரெமிஜியஸ்