முறை கோவிந்தனுடையது

ஐப்பசி 3, செவ்வாய்
தூறல். பசு கன்று போட்டது. கிடாரி. வெல்லம் போட்டுச் சீம்பால் காய்ச்சினேன். அவருக்குப் பிடிக்கும். ஒரு கிண்ணம் எடுத்து வைத்தேன். பிறகு நானே சாப்பிட்டேன்.

செங்கம்மா வந்தாள். பங்குனியில் என் வீட்டுக்காரரை மண்வெட்டியால் அடித்துக் கொன்ற கோவிந்தனின் பெண்சாதி. அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் தண்ணீர்ப் புழக்கம் கூட இல்லை. படிக்கு வெளியிலேயே நின்றாள். அவனுக்குத் தூக்கு. அப்பீலும் தள்ளிவிட்டார்களாம். கவர்னர் துரைக்கு மனு போடலாமாம், செத்தவர் வீட்டிலும் கையெழுத்துப் போட்டால் கேட்பார்களாம்.

"இன்னா மூஞ்சிய வெச்சிகினு வந்தே?" என்றேன்.

"வேற மூஞ்சி இல்லியேக்கா."

சிரிப்பு வந்துவிட்டது. கோபமும். போகச் சொன்னேன்.

ஐப்பசி 4
வெயில். நெல் காயப்போட்டேன். கொழுந்தனாரிடம் மனு விஷயம் சொன்னேன். "உசுருக்கு உசுரு, அண்ணி. அவன் தொங்குனாதான் அண்ணன் மனசு ஆறும்" என்றார். என் வீட்டுக்காரர் மனசு எனக்குத் தெரியாதா? கத்துவார். சோறு போட்டால் ஆறிவிடும்.

ஒன்று எழுத வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு ஏரித் தண்ணீர் முறை கோவிந்தனுடையது. எங்கள் பயிர் காய்கிறது என்று மடையைத் திருப்பியவர் என் வீட்டுக்காரர். வரப்பில் நின்று பார்த்தேன். முறை தன்னுடையது என்று கோவிந்தன் சொன்னதைக் கோர்ட்டில் நம்பவில்லை. அடித்தது யார் என்று என்னைக் கேட்டார்கள், சொன்னேன். முறை யாருடையது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்காக மூன்று அடியா? ஒன்றோடு நிறுத்தியிருக்கலாமே, பாவி.

ஆனால் அவன் கோபத்தில் அடித்தான். தூக்குப் போடுகிறவர்களுக்கு அவன் மேல் கோபமே இல்லை. நாள் குறித்து, எடை பார்த்து, கயிறு போடுவார்களாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சரியாக எழுத வரவில்லை.

ஐப்பசி 6
செங்கம்மாவுக்குச் சொல்லி அனுப்பி, வண்டி கட்டி, பூந்தமல்லி போனோம். வக்கீல் குமாஸ்தா மனு எழுதி வைத்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'மனப்பூர்வமாக மன்னித்துவிட்டேன்' என்று இருந்தது. அந்த வரியை அடிக்கச் சொன்னேன்.

"மன்னிக்கலன்னா கையெழுத்து இன்னாத்துக்குமா?"

"மன்னிக்கிறது என் இஷ்டம். தூக்குல போடாதீங்கன்றது வேற."

முறை விஷயத்தையும் எழுதச் சொன்னேன். செங்கம்மா தலை குனிந்தபடி அழுதாள். குமாஸ்தா மைப்பெட்டியை நகர்த்தினார். கைநாட்டு வேண்டாம் என்று பெயரை நானே எழுதினேன். கடைசி எழுத்து கோணல்.

வழியில் வறுகடலை. இரண்டு பேரும் தின்றோம்.

ஐப்பசி 11
நடவு முடிந்தது. இடுப்பு வலி. கொழுந்தனார் தெருவில் நின்று கத்தினார். "எங்க அண்ணன திருடன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துகீறியே!" திருடன் இல்லை. அன்று ஒரு நாள் அவசரப்பட்டார். அதுதான் எழுதினேன். நன்றாகத் தூங்குகிறேன்.

கார்த்திகை 12
மழை விட்டது. உத்தரவு வந்துவிட்டது. தூக்கு இல்லை, ஆயுசு முழுக்க ஜெயில். செங்கம்மா மூச்சிரைக்க வந்து சொன்னாள். உள்ளே வரச் சொல்லி மோர் கொடுத்தேன். குடித்தாள்.

அவள் போன பிறகு அழுதேன். இத்தனை மாதமும் நினைப்பெல்லாம் கோவிந்தன் மேல்தான். இன்றுதான் இவரை மட்டும் நினைத்தேன். மீசையில் சீம்பால் ஒட்டிக்கொள்ளும், துடைக்க மாட்டார்.

கன்று நன்றாகத் துள்ளுகிறது. நாளை தண்ணீர் முறை செங்கம்மாவுடையது. போய் எங்கள் மடையை அடைத்துவிட்டு வந்தேன்.