மாட்டு டாக்டர் இடத்துல என் நம்பர்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க எங்க மூணு பேருக்கும் உடம்புல ஒரு குறையும் இல்ல, மனசு மட்டும்தான் இருக்கற இடத்துல இல்ல. நீயும் மாப்பிள்ளையும் அங்க சுகமா இருப்பீங்கங்கற நம்பிக்கையிலதான் பேனாவை எடுத்தேன். போன்ல ரெண்டு வார்த்தை பேசிட்டா போச்சு, எதுக்கு இந்தக் கோழிக்கிறுக்கல்னு நீ கேப்ப. போனை நான் சும்மா வச்சிருக்கணும், அதுல பேசிக்கிட்டு இருக்கக் கூடாது. அதான் விஷயமே. நீ ஒண்ணாங்கிளாஸ்ல எழுதுறப்ப பக்கத்துல உக்காந்து பாத்துக் கத்துக்கிட்ட எழுத்துதான், தப்பு இருந்தா உன்னையே திட்டிக்கோ.

சின்னவ வெப்சைட் பண்ணுற வகுப்புக்குப் போறால்ல, நீதான் சேத்துவிட்ட, நீ அனுப்பின மடக்குற கம்ப்யூட்டரை மடியை விட்டு இறக்காம இருந்தா. ஆளுக்கு ஒரு பக்கம் பண்ணிக் காட்டணும், நம்ம ஊருக்கு உபயோகமா இருக்கணும்னு வாத்தியார் சொல்லிட்டார். இவ மாட்டாஸ்பத்திரியை எடுத்துக்கிட்டா. ஓரமெல்லாம் பூ, நடுவுல டாக்டரம்மா போட்டோ, ஒரு பசு தலையாட்டும். பட்டன் உருண்டையா இருக்கட்டுமா சதுரமா இருக்கட்டுமான்னு என்னைக் கேட்டா, நான் உங்கப்பா சட்டையைப் பாத்துட்டு உருண்டைன்னேன். அந்தச் சட்டையில இப்ப ரெண்டு பட்டன் இல்ல, தைக்கணும், அதை விடு. அந்தப் பட்டன்மேல அவசரத்துக்குக் கூப்பிடுங்கன்னு எழுதி, நம்பர் உள்ள அடங்குதான்னு பாக்க என் நம்பரைப் போட்டிருக்கா. அவளுக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பர் அது ஒண்ணுதான். அப்புறம் டாக்டரம்மாகிட்ட கேட்டு மாத்திக்கலாம்னு நெனச்சவ, பசு தலை ஆடலை ஆடலைன்னு அதோட மல்லுக்கட்டினதுல மறந்துட்டா. பக்கம் வெளிய போயிடுச்சு. வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். கம்பவுண்டர் அதைப் போட்டோ பிடிச்சு மாடு வச்சிருக்கற வீட்டுக்கெல்லாம் அனுப்பிட்டார்.

நம்ம பால்காரம்மாவை நீ மறந்திருக்க மாட்ட, ஊரே வெண்கலத் தொண்டைன்னு கூப்பிடுமே, அவதான் முதல்ல கூப்பிட்டா. டாக்டரம்மா, கன்னு ஒரு கால் மட்டும் வெளிய வந்து நிக்குது, பசு படுத்துடுச்சு, ஓடியாங்கன்னு ஒரே கத்து. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வச்சுட்டா. திருப்பித் திருப்பிக் கூப்பிடுறேன், எடுக்கலை, கை ரெண்டும் மாட்டுகிட்ட இருக்கறப்ப எப்படி எடுப்பா. சின்னவ வகுப்புல, அவ போன் அணைஞ்சு கிடக்கு. உங்கப்பா சைக்கிளை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு மிதிச்சார். டாக்டரம்மா அங்கதான் இருந்திருக்காங்க, யாரும் கூப்பிடாததால உக்காந்து ஏதோ எழுதிக்கிட்டு இருந்திருக்காங்க. உடனே கிளம்பிப் போனாங்க. பசு பொழச்சது. கன்னு பொழைக்கலை. கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா பாத்திருக்கலாம்னு அவங்க யாரையும் குத்தம் சொல்லாமத்தான் சொன்னாங்க. ஆனா சொன்ன இடத்துல சின்னவளும் வந்து நின்னுட்டா.

அன்னிக்கே நம்பரை மாத்திட்டா. ஆனா கம்பவுண்டர் அனுப்பின போட்டோ ஊரு பூரா கிடக்கே, அதுல நான்தான் டாக்டர். அதனால போனை இடுப்புல செருகிக்கிட்டே திரியறேன், குளிக்கப் போனாலும் கதவுல தொங்குது. உங்கப்பா டாக்டரம்மா நம்பரை அடுப்புப் பக்கத்துச் சுவத்துல கரியால பெருசா எழுதி வச்சிருக்கார். யார் கூப்பிட்டாலும் முதல்ல, நான் டாக்டர் இல்ல, இந்த நம்பரைப் பிடிங்கன்னு சொல்லிடுவேன். இரு, அடிக்குது.

ஆட்டுக்கு வயிறு உப்பிடுச்சாம். சொல்லிட்டேன்.

எங்க விட்டேன்? சின்னவ கம்ப்யூட்டரை அது வந்த பெட்டியிலயே வச்சு ஒட்டிட்டா. அக்காவுக்கே அனுப்பிடும்மா, நான் ஒண்ணும் பண்ணாம இருந்தாலே நாலு பேர் நல்லா இருப்பாங்கங்கறா. தட்டுல போட்டது போட்டபடி கிடக்கு. இன்னிக்கு நான் துணி காயப்போட்டுட்டு வர்றேன், அவ செருப்பைக் காணோம். தனியா வெண்கலத் தொண்டை வீட்டுக்குத்தான் போயிருக்கான்னு எதிர்வீட்டு டெய்லர் சொன்னார். பால்காரம்மா வாய் உனக்குத் தெரியும், பால்ல தண்ணின்னு கேட்ட ஆளை நடுத்தெருவுல நிக்க வச்சவ. உங்கப்பா தெருமுனையில நின்னு எரியாத விளக்கையே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கார், விளக்கைப் பாக்கறாராம். நான் உனக்கு எழுதிக்கிட்டு இருக்கேன். பொழுது சாயுது, இன்னும் காணோம்.

வந்துட்டா. கையெல்லாம் சாணி. பால்காரம்மா உக்காருன்னுகூட சொல்லலையாம். இவ அழுதிருக்கா, அவ, அழாதடி, பசு மிரளுது, இந்தக் கயித்தைப் பிடின்னு குடுத்துட்டுப் பாலைக் கறந்திருக்கா. கறந்து முடிச்சு, காட்டு உன் பக்கத்தைன்னாளாம். பாத்துட்டு, உயிர் போற அவசரத்துல இத்தனை பூவைத் தாண்டி நான் நம்பரைத் தேடணுமா, டாக்டரம்மா போட்டோ எதுக்கு, மாப்பிள்ளை பாக்கறீங்களா, நம்பரைத் தலையில தூக்கி வை, அந்தம்மா எடுக்கலைன்னா அடுத்து யாருன்னு போடு, என்கிட்ட காட்டிட்டு அப்புறம் ஊருக்குக் காட்டுன்னாளாம். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லலையாம். நானும் அதை எதிர்பாக்கலைன்னு சின்னவ சொன்னா.

இப்ப காய் நறுக்கற கத்தியால பெட்டியைக் கிழிச்சுக்கிட்டு இருக்கா. கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதல்ல பூவெல்லாம் போச்சு. சுவத்தைப் பாத்து நம்பரை அடிச்சா, அடிச்சதோட விடலை, வெப்சைட் பக்கத்துல அடிச்ச அதே நம்பரைத் தன் போன்ல கூப்பிட்டா. டாக்டரம்மாவே எடுத்தாங்க. நீங்கதானான்னு பாத்தேன் மேடம்னா. அவங்க ஏதோ திட்டினாங்க, அவ தலையாட்டிக்கிட்டே கேட்டா. அப்புறம் கம்பவுண்டர் நம்பரையும் அதே மாதிரி கூப்பிட்டுப் பாத்துட்டுதான் போட்டா.

நீ அங்கிருந்து ஒரு விரலால சரி பண்ணிடுவன்னு எனக்குத் தெரியும். கையை வைக்காத. கேட்டா மட்டும் சொல்லு. நாளைக்குப் பால்காரம்மாகிட்ட காட்டப் போறா, கூட வரட்டுமான்னு கேட்டேன், வேணாங்கறா. நீங்க ரெண்டு பேரும் கண்ணுல தூசி விழாம நல்லா இருக்கணும், வேளாவேளைக்குச் சாப்பிடணும். என் நம்பருக்கு மட்டும் இப்போதைக்குக் கூப்பிடாத, எந்த வீட்டுல எந்த மாடு படுத்திருக்கோ, அந்த நேரம் பாத்து நீ பேசிக்கிட்டு இருப்ப. அப்பாவோடதுக்குக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா,
டாக்டர் இல்ல.