ஆறு மணிக்கு நின்ற பதினொரு பேர்

அன்பு பாதியும் கோபம் பாதியுமாக என் வீட்டுக்காரருக்கு எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் நானும் மகளும் நலம். அங்கே மழை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தீர்கள். போன கடிதத்திலும் மழைதான். அதற்கு முந்தியதில் வெயில். பத்து மாதமாக எனக்கு வானிலை அறிக்கை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. நீச்சல் குளத்தின் கரையில் விசிலோடு உட்கார்ந்திருக்கிற மனுஷன் வேறு எதைப் பார்ப்பார், வானத்தைத்தான் பார்ப்பார். ஆனால் நான் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பது ஒன்றே ஒன்று. எப்போது திரும்பி வருகிறீர்கள்? அதற்கு மட்டும் பதில் இல்லை.

மகள் சைக்கிள் ஓட்டப் பழகிவிட்டாள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வர ஆள் இல்லாததால் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரைத் தொட்டுக்கொண்டே போய்ப் பழகினாள். இடது முழங்கையில் தோல் இல்லை. நான் மருந்து போட்டபோது, அப்பாவாக இருந்தால் ஊதி ஊதிப் போடுவார் என்று குறை சொன்னாள். ஊதித்தான் போட்டேன். நான் ஊதுவது சரியில்லையாம்.

தையல் அறையில் வேலைக்குக் குறைவில்லை. ஒரு பக்கம் பூசை உடுப்பு, ஒரு பக்கம் பந்தாட்ட உடுப்பு. போன வாரம் எந்த யோசனையில் இருந்தேனோ, பூசைக்கு உதவுகிற பையனின் வெள்ளை அங்கியில் ஏழாம் எண்ணைத் தைத்து அனுப்பிவிட்டேன். அவனும் பார்க்காமல் மாட்டிக்கொண்டு போய்ப் பீடத்தில் நின்றிருக்கிறான். முதுகில் ஏழோடு அவன் மண்டியிட்டபோது விடுதிப் பையன்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். பக்தி என்று சாமியார் நினைத்திருப்பார்.

உங்கள் இடத்தில் இப்போது கணக்குச் சாமியார்தான் பையன்களுக்குப் பந்து பழக்குகிறார். நல்ல மனிதர். ஆனால் விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழக்குகிறார். ஆஃப்சைடு என்றால் என்ன என்று கரும்பலகையில் கோடு போட்டு விளக்கி முடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது. ஆனாலும் பாருங்கள், நீங்கள் உருவாக்கிய பையன்கள், யார் பழக்கினாலும் பழக்காவிட்டாலும் ஜெயிக்கிறார்கள். இந்த வருஷமும் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். இருபத்திரண்டாம் தேதி, சனிக்கிழமை. அதே மைதானம். அதே பள்ளிக்கூடத்தோடு.

போன வியாழக்கிழமை ரெக்டர் சாமியார் தையல் அறைக்கே வந்துவிட்டார். நூல்பெட்டியை நகர்த்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். பையன்களைக் கூப்பிட்டு, வெளி மைதானத்தில் ஆறு மணிச் செபத்துக்கு மணி அடித்தால் நிற்க வேண்டாம், மனதுக்குள் செபம் சொல்லிக்கொண்டு ஆடுங்கள், நான் அனுமதி தருகிறேன் என்று சொன்னாராம். எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள். கொக்கு மட்டும் எழுந்து நின்றானாம். அதுதான் உங்கள் கோல்கீப்பர், இப்போது கடைசி வகுப்பு, இன்னும் ஒரு சாண் வளர்ந்துவிட்டான். “மாஸ்டர்தான் நிக்கச் சொன்னாரு ஃபாதர். ஓடணும்னாலும் அவரே வந்து சொல்லட்டும்” என்றானாம். உடனே தலையாட்டிய மற்ற பத்துப் பேரும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்களாம். “இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ரெக்டர் நானா, உன் வீட்டுக்காரராம்மா?” என்று என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உங்கள் இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை என்றும் சொன்னார். கிளம்பும்போது, “ஒரு கடிதம் போட்டுப் பாரேன்” என்றார். அவர் சொல்லாவிட்டாலும் போட்டிருப்பேன்.

போன வருஷத்து இறுதி ஆட்டம் நடந்த அந்த நாளைப் பற்றி நீங்கள் பேச விடமாட்டீர்கள். கடிதத்தில் உங்களால் என் வாயைப் பொத்த முடியாது அல்லவா? அதனால் சொல்கிறேன். ஆறு மணிக்கு மூவேளைச் செப மணி அடித்தால் பந்து எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்க வேண்டும், ஆட்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கேயே நிற்க வேண்டும். நீங்கள் இங்கே வேலைக்கு வந்த வருஷமே தொடங்கிவைத்த பழக்கம் அது. பந்தை நிறுத்தத் தெரியாதவனுக்கு ஓட்டவும் தெரியாது என்பீர்கள். நம் மைதானத்தில் ஆட வருகிறவர்களுக்கும் அது தெரியும், நம்மோடு சேர்ந்து நிற்பார்கள். அந்த வெளியூர் மைதானத்தின் சுவருக்குப் பின்னால் ஒரு மாதா கோவில் இருக்கும் என்று நாம் யாருமே யோசிக்கவில்லை. நடுவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கவும் இல்லை.

ஒன்றுக்கு ஒன்று. இன்னும் எட்டு நிமிஷம். மணி அடித்தது. நம் பதினொரு பேரும் நின்றார்கள். எதிரணிக்கு அது வெறும் மணிச் சத்தம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. கொக்கு கைகளைக் குவித்துத் தலை குனிந்து நின்றான். பந்து அவன் காலுக்குப் பக்கத்தில் மெதுவாக உருண்டு உள்ளே போனது. அதற்கு முன்னால் நீங்கள் கோட்டோரமாக ஓடிக்கொண்டே கத்தினீர்கள். “ஓடுங்கடா, மணியை விடுங்கடா, பந்தைப் பாருங்கடா” என்று. நான் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். தோற்றதற்காக நீங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. அப்படிக் கத்தியதற்காகத்தான் போனீர்கள். இது எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும்.

நேற்று உடுப்பு வாங்க வந்த கொக்கிடம் கேட்டேவிட்டேன், மாஸ்டர் கத்தியது அன்று உங்களுக்குக் கேட்டதா என்று. இத்தனை நாளாகக் கேட்கவில்லை என்றுதான் எல்லாரிடமும் சாதித்து வந்தான். நேற்று கொஞ்ச நேரம் சட்டையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பிறகு சொன்னான். “நல்லாவே கேட்டுச்சு மாஸ்டரம்மா. ஓடியிருந்தா அவரு பின்னாடி வருத்தப்படுவாருன்னு தெரியும். கோப்பை போனா அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்னு நின்னோம். மாஸ்டரும் போயிடுவாருன்னு தெரியாது.” முழங்கைக்கு ஒட்டுப் போட்ட சட்டையை மறுபடி வாங்கிக் காரணமில்லாமல் இன்னொரு தையல் போட்டுக் கொடுத்தேன்.

பையனே உண்மையைச் சொல்லிவிட்டான். இனி நான் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது. அன்று திரும்பி வருகிற பேருந்தில் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. “நிக்கச் சொல்லிப் பாடம் எடுத்தவருக்கே பாடம் மறந்துபோச்சு போல” என்றேன். பையன்கள் சிரிப்பார்கள், நீங்களும் சிரித்துவிடுவீர்கள், பாரம் இறங்கும் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், என் விஷயத்தில் நீங்களும் சேர்ந்து கெட்டீர்கள். அடுத்த மாதமே வெளியூர் வேலை என்று வந்து நின்றீர்கள். போக வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. எத்தனையோ வேண்டாத பேச்சுப் பேசியவள், வேண்டிய அந்தப் பேச்சைப் பேசாமல் பெட்டியில் உங்கள் சட்டைகளை அடுக்கிக் கொடுத்தேன். பேருந்தில் நான் சொன்னது தப்பு. மன்னித்துவிடுங்கள்.

இப்போது பையன்களுக்கு நிற்கச் சொல்வீர்களோ, ஓடச் சொல்வீர்களோ, எனக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும் கேட்பார்கள். நீங்கள் ஒன்றுமே சொல்லாமல் அந்தக் கோட்டோரமாக நின்றாலும் போதும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு தடவை வாய் தவறியதற்கு இத்தனை மாதம் யாரும் தண்டனை கொடுக்கவில்லை. நீங்களே கொடுத்துக்கொண்டீர்கள், அதில் பாதியை எங்களுக்கும் கொடுத்தீர்கள்.

சனிக்கிழமை காலை வண்டியில் வந்தால் நேராக மைதானத்துக்குப் போய்விடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா. வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள். பள்ளிக்கூடத்து வாசலில் இறங்காமல் முதலில் வீட்டுக்கு வாருங்கள். ரெக்டர் சாமியாருக்காகவும் பையன்களுக்காகவும் வரச்சொல்லி இவ்வளவு எழுதிவிட்டேன். எனக்காக எழுத இடம் கொஞ்சம்தான் மிச்சமிருக்கிறது. எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும்.

வழியில் ஒரு குறையும் இல்லாமல் ஆண்டவர் உங்களைக் கொண்டுவந்து சேர்க்கட்டும் என்று இன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். வருகிறேன் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தேதான் வேண்டிக்கொண்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி