சுளகுக்காக நின்ற பஸ்

பேசாலை,
11.06.1979

அன்புத் தம்பி அம்புறோசுக்கு,

மாதாவின் துணையால் நானும் அத்தானும் சுகம். நீ சாப்பிடுகிறாயா, இளைத்துவிட்டாயா என்று எழுதினால்தானே தெரியும்? நாலு மாதத்துக்குப் பிறகு வந்த கடிதத்திலும் அத்தான் ஓட்டுகிற பஸ்ஸைத்தான் விசாரித்திருக்கிறாய். "கொழும்புப் போக்குவரத்து நிபுணருக்கு எங்கட ஓட்டை பஸ் என்னத்துக்காம்?" என்று அத்தான் சிரிக்கிறார்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். காலை ஐந்தரை மன்னார் பஸ் ஐந்தரைக்குப் புறப்படுவதேயில்லை. மீன் விற்கும் பெண்கள், மீன் பரப்பி விற்கிற தங்கள் சுளகுகளை வீதியோரம் வைத்துவிட்டு, வள்ளம் வரும்வரை கரையில் நிற்பார்கள். சுளகு இருந்தால் அதற்குரியவள் இன்னும் கரையில் நிற்கிறாள் என்று அர்த்தம். கடைசிச் சுளகு எடுபடும்வரை அத்தான் பஸ்ஸை எடுக்கமாட்டார். சோளகக் காற்று அடித்து வள்ளம் பிந்தினால் அரைமணி நேரமும் நிற்பார். அடுத்த பஸ்ஸில் போனால் சந்தை முடிந்துவிடும், பாவம். நேரப் புத்தகத்தில் மட்டும் ஐந்தரை என்றே எழுதுகிறார். மன்னார் பஸ் கந்தோருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், கவனம்.

உன் அன்பு அக்கா
மாக்கிறட்

கொழும்பு,
20.07.1979

அன்பு அக்காவுக்கு,

நல்ல செய்தி. "இரண்டாயிரமாம் ஆண்டில் நகர மக்களின் அன்றாடப் பயணம்" என்ற மாநாட்டில் பேசினேன். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் தானாக நகரும் நடைபாதை வரும் என்றார். இன்னொருவர் வீடுகளுக்கு மேலால் கம்பியில் ஓடும் வண்டி என்றார். ஆனால் கைதட்டல் எனக்குத்தான். எதிர்காலத்தில் பஸ் தரிப்பிடந்தோறும் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் சாரதியின் முன்னால் விளக்கு எரியும். ஆள் ஏறும்வரை பஸ் காத்திருக்கும். இன்றைய ஒழுங்கீனத்துக்கு உதாரணமாகச் சுளகுக்காக நிற்கும் பேசாலைக் காலை பஸ்ஸைச் சொன்னேன், சபை விழுந்து விழுந்து சிரித்தது. பத்திரிகையிலும் வந்துவிட்டது, நறுக்கை அனுப்புகிறேன். அத்தானுக்கும் காட்டுங்கோ. செப்டம்பரில் மாதா திருநாளுக்குக் கட்டாயம் வருவேன்.

அன்புத் தம்பி
அம்புறோஸ்

பேசாலை,
09.08.1979

தம்பி,

அத்தானை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். உன் நறுக்கு எங்களிடம் வருமுன்பே அந்தப் பத்திரிகை கந்தோருக்குப் போய்விட்டது. நீ அத்தானின் பெயரைச் சொல்லவில்லைதான். பேசாலையில் காலை பஸ் ஒன்றுதானே?

விளக்கு எரிந்தால் பஸ் நிற்கும் என்றாயே, அது எங்கள் சுளகுதானே ராசா? அதையே நீ சொன்னால் புதுமை, அத்தான் செய்தால் ஒழுங்கீனமா? வயிறு எரிகிறது.

புதுச் சாரதி ஐந்தரை அடித்ததும் எடுத்துவிடுகிறார். நேற்று றோஸ்மேரி சூடை மீன் கடகத்தோடு பின்னால் ஓடி, விழுந்து, முழங்காலை உடைத்துக்கொண்டாள்.

விசாரணை 27ஆம் திகதி. "நேரில் கண்டதில்லை, கேள்விப்பட்டதைச் சொன்னேன்" என்று நீ இரண்டு வரி எழுதினால் போதுமாம். கந்தோர்க் கிளாக்கர் செல்வநாயகம் இரகசியமாகச் சொன்னார். அது பொய்யும் இல்லை. நீ நேரில் கண்டாயா என்ன? உடனே எழுது அப்பன்.

அக்கா
மாக்கிறட்

கொழும்பு,
18.08.1979

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் மாநாட்டு அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது. நேரில் ஆராய்ந்ததாக அதில் எழுதியிருக்கிறேன். இப்போது கேள்விப்பட்ட கதை என்றால் என்னை யார் நிபுணன் என்று மதிப்பார்கள்? நேரப் புத்தகத்தில் பொய் எழுதியது அத்தானின் பிழைதானே? கொழும்பில் அவருக்கு வேறு வேலை பார்க்கிறேன். கோபிக்க வேண்டாம். திருநாளுக்கு வரும்போது பேசுவோம்.

அன்புத் தம்பி
அம்புறோஸ்

பேசாலை,
29.08.1979

அம்புறோஸ்,

விசாரணை முடிந்தது. மீன் விற்கும் பெண்கள் பதினொரு பேரும் சந்தையை விட்டுவிட்டு மன்னாருக்கு வந்தார்கள். பஸ் ஒருநாளும் நின்றதில்லை என்று மாதாமேல் சத்தியம் பண்ணவும் றோஸ்மேரி தயாராக இருந்தாள். அவள் வாய் திறக்குமுன் அத்தான் எழும்பினார். "ஓம் ஐயா, நிண்டனான். ஒவ்வொரு நாளும் நிண்டனான். மச்சான் பொய் சொல்லேல்லை" என்றார்.

வேலை போய்விட்டது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று வழியெல்லாம் அழுதேன். "அவன் பேசினது பொய் எண்டு வந்தால், படிச்ச பிள்ளை நாலு பேருக்கு முன்னால தலைகுனிஞ்செல்லே நிக்கோணும்" என்றார்.

நீ எழுத மறுத்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நீ கந்தோருக்கு அனுப்பிய கடிதம் தபாலில் தாமதித்துவிட்டது என்றே நம்புகிறார், உன்னைக் கோபிக்க வேண்டாம் என்று எனக்குப் புத்தி சொல்கிறார்.

நீ எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டாய். என்னால் மன்னிக்க முடியவில்லை. பூசையில் இருந்தும் முடியவில்லை.

திருநாளுக்கு வராதே. வந்தால், உன்னைக் கூட்டிவர அவர் தரிப்பிடத்தில் வந்து நிற்பார். அதை என்னால் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
திருமதி மாக்கிறட் அமிர்தநாயகம்