மன்னிப்புக் கேட்ட விளம்பரம்

பெலிகன் லேண்டிங், மனிடோபா
பிப்ரவரி 3

தோராவுக்கு,

போனில் பேசியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடும். அதனால் எழுதுகிறேன்.

நாம் பேசி நான்கு வருடம் ஆகிறது. நீ வினிபெக்கில் மகள் வீட்டுப் பக்கம் குடிபோன பிறகும் நம் ஊர் வியாழக்கிழமைப் பத்திரிகை ‘ஏரிக்கரைச் செய்தி’யில் உன் சமையல் பத்தியை நான் ஒரு வாரம்கூடப் படிக்காமல் விட்டதில்லை. காகிதத்தில் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறது என்று இப்போது கணினியில்தான் படிக்கிறேன். முதலில் மரண அறிவிப்புகள், அப்புறம் நீ.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, படகுக் கொட்டகை வால்டரின் மரண அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் பிறந்த வருடத்தைக்கூடத் தாண்டவில்லை, நடுத்திரையில் ஒரு பெட்டி முளைத்தது. உள்ளே நீ. பத்தியில் போடுகிற அதே நீல ஸ்வெட்டர் படம். பக்கத்தில் ஒரு மூட்டுவலி எண்ணெய் பாட்டில். கீழே இப்படி எழுதியிருந்தது: “என் முழங்கால் வலி போன விஷயத்தை உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு. மன்னித்துவிடு.”

தேநீர் ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்காலும் முன்பே சொல்லாததும் ஒரே வரியில் வந்தால் நான் வேறு யாரை நினைப்பேன்? பனியில் கல்லைத் தள்ளி ஆடுகிற நம் கர்லிங் அணியிலிருந்து முழங்காலுக்காக என்னை எடுத்ததை நான் பனித்தளத்து அறிவிப்புப் பலகையில் பார்த்துத்தானே தெரிந்துகொண்டேன். நீ அணித்தலைவி. பக்கத்துத் தெருவில் இருந்தாய்.

இவ்வளவு சுற்றி வளைத்து மன்னிப்புக் கேட்பது உன் குணம்தான். சரி, மன்னித்தேன். அந்த எண்ணெயையும் வாங்கினேன். மூன்று மாதமாகத் தேய்க்கிறேன். வீடு முழுக்கப் புதினா வாடை. டிசம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து முழங்கால் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார்கள். இரண்டு வருடம் காத்திருந்த தேதி. “வேற யாருக்காவது குடுங்கம்மா, என் சிநேகிதி நல்ல மருந்து சொல்லியிருக்கா” என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் வலி குறையவில்லை. தேவாலயப் படிகளில் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்குகிறேன். நீ எத்தனை பாட்டில் தேய்த்தாய்? ஊருக்கெல்லாம் சொன்னவள் எனக்கு அதையாவது நேரில் சொல்லியிருக்கலாம்.

ஸ்டெஃபானியா ஹ்னாட்டியுக்
(முழுப் பெயர் போட்டிருப்பதைக் கவனி.)

—

வினிபெக்
பிப்ரவரி 10

அன்புள்ள ஸ்டெஃபா,

எண்ணெயைத் தொடாதே. இந்த வரியோடு நிறுத்திவிட்டு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய். பிறகு வந்து மீதியைப் படி.

அது நான் இல்லை. நான் எந்த எண்ணெயும் தேய்த்ததில்லை, எனக்கு முழங்கால் வலியே கிடையாது. யாரோ என் படத்தைத் திருடி, எழுத்தையும் அவர்களே எழுதி விற்றிருக்கிறார்கள். என் மகள் அந்தப் பெட்டியைத் தேடிக் காட்டினாள். மூடலாம் என்று மூலையில் இருக்கிற பெருக்கல் குறியைத் தொட்டேன். மூடுவதற்குப் பதில் கடை திறக்கிறது. முப்பது வருடம் எழுதிய பத்திரிகையில் என் முகமே எனக்கு எண்ணெய் விற்கிறது.

ஆசிரியர் க்ளென்னைக் கூப்பிட்டேன். விளம்பரங்கள் எங்கிருந்தோ தானாக வந்து விழுகின்றன, யார் அனுப்புகிறார்கள் என்று தனக்கே தெரியாது, பத்திரிகை அதற்குப் பொறுப்பல்ல என்று இழுத்தான். “பக்கம் உன்னோடது, பேர் உன்னோடது, பொறுப்பு மட்டும் பக்கத்து வீட்டுக்காரனோடதா?” என்று கேட்டேன்.

நீ எப்படி நம்பினாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. என் பத்தியில் வெண்ணெய்க்குப் பதிலாக வேறொன்றைப் போடச் சொன்னாலே சண்டைக்கு வருகிறவள் நீ. அந்த வரி உன்னைப் பார்த்து எழுதியதில்லை ஸ்டெஃபா. கணினி வைத்திருக்கிற எல்லோரையும் பார்த்து எழுதியது.

உடனே பதில் போடு.

தோரா

—

பெலிகன் லேண்டிங்
பிப்ரவரி 18

தோராவுக்கு,

ஆஸ்பத்திரியில் கேட்டேன். விட்ட தேதி விட்டதுதான், வரிசையின் கடைசிக்குப் போக வேண்டுமாம். ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். பாட்டில்களைக் குப்பையில் போட்டேன்.

எப்படி நம்பினாய் என்று கேட்டிருக்கிறாய். எண்ணெயை நான் அரைகுறையாகத்தான் நம்பினேன். கீழே இருந்த வரியைத்தான் முழுசாக நம்பினேன். உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் பெட்டி திரும்ப வருமா என்று வியாழன் இல்லாத நாட்களிலும் பத்திரிகையைத் திறந்து பார்த்தேன். சில நாள் வந்தது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். நீ எழுதவில்லை என்று சொன்னது எண்ணெயைப் பற்றி மட்டும்தானா என்று தேடினேன். மன்னிப்பும் உன்னுடையது இல்லை என்று அழகாகத் தெளிவாக எழுதியிருக்கிறாய். முழங்கால் வலியை நான் பொறுத்துக்கொள்வேன்.

இனி எழுத வேண்டாம்.

ஸ்டெஃபானியா

—

வினிபெக்
பிப்ரவரி 26

அன்புள்ள ஸ்டெஃபா,

நீ வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்தாலும் சரி.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருடம் மாகாணப் போட்டிக்குப் போக எனக்கு வெறி பிடித்திருந்தது. நீ கல்லைத் தள்ளக் குனியும்போது முகம் சுளிப்பதை இரண்டு ஆட்டமாகப் பார்த்தேன். உன்னை எடுத்துவிட்டு மாற்று ஆட்டக்காரி லொரெய்னைப் போட முடிவு செய்தேன். உன் வீட்டு வாசல் வரை வந்தேன். சமையலறை ஜன்னலில் நீ பெரோகிக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தாய், போட்டிக்கு எங்கள் எல்லோருக்கும் சேர்த்து. கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் நீ பல் வைத்தியரிடம் போகிற நேரம் பார்த்துப் பலகையில் தாளை ஒட்டினேன். திருட்டுத்தனம்தான், வேறு பெயர் இல்லை அதற்கு.

போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றோம். அதைக்கூட உன்னிடம் சொல்லாமல் விட்டேன், நீ சந்தோஷப்படுவாய் என்று பயந்து. நான் செய்தது தப்பு. உன் எதிரே நின்று சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு. இதை எழுதியது நான்தான், என் கையெழுத்து உனக்குத் தெரியும்.

இந்த வாரப் பத்தியில் சமையல் குறிப்பு போடவில்லை. என் முகத்தை வைத்து யாரோ விற்கிறார்கள், வாங்காதீர்கள், வாங்கியவர்கள் வெட்கப்படாமல் சொல்லுங்கள் என்று எழுதினேன். இதுவரை பதினொரு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். தேவாலயப் பாட்டுக்குழுத் தலைவரும் அதில் ஒருவர். க்ளென்னுக்கு இப்போதுதான் உறைத்தது. அந்த மாதிரிப் பெட்டிகளை மொத்தமாக எடுத்துவிட்டான். அந்த வருமானம் இல்லாமல் அடுத்த வருடம் பத்திரிகை எப்படி ஓடும் என்று அவனுக்கே தெரியவில்லை, ஆனால் மரண அறிவிப்பை இனி நிம்மதியாகப் படிக்கலாம்.

இன்னொரு விஷயம். பொதுவாக விசாரிக்கிற மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். கடைசி நேரத்தில் யாராவது தேதியை விட்டால் அதைக் கொடுப்பதற்குத் தனி வரிசை உண்டாம். இரண்டு நாளுக்கு முன்தான் சொல்வார்களாம். அழைத்துப் போகவும் முதல் இரண்டு வாரம் கூடவே தங்கவும் ஒரு ஆள் வேண்டும், அவர் பெயரையும் போன் எண்ணையும் நோயாளியேதான் கொடுக்க வேண்டும். அந்த ஆளாக நான் வருகிறேன். என் காரில் பனிக்கால டயர் இருக்கிறது. வேறு ஆள் இருந்தால் அவரைப் போட்டுக்கொள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். பதிவு மட்டும் செய்துவிடு ஸ்டெஃபா.

என்றும் உன்
தோரா

—

பெலிகன் லேண்டிங்
மார்ச் 7

அன்புள்ள தோரா,

முதல் சுற்றிலேயே தோற்றீர்களா? விளையாட்டுப் பக்கத்தை நான் அன்றோடு விட்டுவிட்டேன், நான்கு வருடமாக யாரும் எனக்குச் சொல்லவும் இல்லையே. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் உட்கார்ந்து அழுதேன். கதவைத் தட்டியிருக்கலாம்டி நீ. இரண்டு நாள் கத்தியிருப்பேன், மூன்றாம் நாள் உங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்திருப்பேன்.

நீ வந்து தங்கினால் என் சமையலறையில் எதையும் இடம் மாற்றக் கூடாது. தலையணை நீயே கொண்டுவா. நீ குறட்டை விடுவாய், மாடி அறையில் படுத்துக்கொள்.

திங்கள்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அந்த வரிசையில் பெயர் கொடுத்தேன். கூட வரும் ஆள் யார் என்று நர்ஸ் கேட்டாள். உன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். தேதி கிடைத்தால் முதலில் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, உங்களுக்கா அவங்களுக்கா என்று கேட்டாள். உன் எண்ணைக் கொடுத்தேன். எனக்கு வேண்டாம், அவள் வந்து சொல்லட்டும் என்றேன்.

உன்
ஸ்டெஃபா