சுமக்காத எலும்பு

நாள் 611. காலை 07:10. நிலவு, தென்முனைப் பனிக்குழி.

நிலையத்தில் இருவர். மருத்துவராகவும் பதிவாளராகவும் நான், அமலோற்பவம். பனிக்கட்டி வெட்டிச் சுமப்பவர் இசக்கிராஜ். காற்று, வெப்பம், மின்சாரம் எல்லாம் சரி. பனியை உருக்கி மேலே கொண்டுபோகும் தண்ணீர்க் கப்பலின் தொட்டி பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது.

எலும்பு தேயாமலிருக்க இழுவை இயந்திரத்தில் என் இன்றைய உடற்பயிற்சி முடிந்தது. இசக்கிராஜுக்கு அது கிடையாது. சுமை வேலை பார்ப்பவர்களுக்குப் பயிற்சியிலிருந்து விலக்கு என்பது கம்பெனி விதி. இருந்தாலும் தினமும் கூப்பிடுகிறேன். குழியிலிருந்து ஒரே பதில்தான் வருகிறது.

"நாள் பூரா மூட்ட தூக்குதவனுக்கு எதுக்கு டாக்டரம்மா கசரத்து? அதெல்லாம் ஒக்காந்து எழுதுதவங்களுக்கு."

நான் சொன்ன எதையும் இந்த மனிதர் இதுவரை கேட்டதில்லை.

நாள் 613. பகல் 13:05.

சாப்பிடும்போது புரையேறி இருமினார். விலா எலும்பு முறிந்துவிட்டது. வெறும் இருமல்.

அவருடைய படத்தைப் பார்த்து எக்ஸ்ரே கருவி பழுது என்று நினைத்தேன்; என் கையை வைத்தும் படமெடுத்தேன். என் எலும்பு நன்றாக இருக்கிறது. அவருடையது டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி இருக்கிறது. முதுகெலும்பு, இடுப்பு, தொடை, எல்லாமே அப்படித்தான்.

நாள் 613. மாலை 18:30.

காரணம் புரிந்தது. அவர் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் 'தாங்கி', உடலைச் சுற்றி மாட்டும் மோட்டார் வைத்த இரும்புச் சட்டம். வியர்வை நிஜம், களைப்பும் நிஜம். ஆனால் மூட்டையின் எடை முழுவதும் இரும்பு வழியாகத் தரைக்கு இறங்கிவிட்டது. எலும்புக்கு எதுவும் வரவில்லை. சுமை வராவிட்டால் எலும்பு தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும். இங்கே இருப்பதே பூமியில் ஆறில் ஒரு பங்கு எடை. இவ்வளவு உழைத்த மனிதர் இரண்டு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தவரைப் போல ஆகிவிட்டார்.

நாள் 614. காலை 09:00.

பூட்ஸ் வாரை இழுத்துக் கட்டினார். இடது மணிக்கட்டு போய்விட்டது. படுக்கையிலிருந்து இண்டர்காமில் கூப்பிட்டார். குரலில் கேலி இல்லை.

"பொய் சொல்லாதீய டாக்டரம்மா. ஊருல எறங்கி நடப்பனா?"

நடக்கலாம் என்றேன். பொய்யில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எடை கொடுத்துப் பழக்கினால் எலும்பு ஓரளவு திரும்பி வரும். அதுவரை எதிலும் இடிபடாமல் அவரை வைத்திருக்க வேண்டும்.

நாள் 615. பகல் 15:40.

மின்கல அறையில் தீ. அணைத்துவிட்டேன், ஆனால் மின்சாரம் போய்விட்டது. குளிர் ஏறுகிறது. தண்ணீர்க் கப்பலில்தான் வெளியேற வேண்டும். அது கிளம்பும்போது பூமி எடையைப் போல் மூன்று மடங்கு அழுத்தும். இருக்கையில் உட்கார வைத்தால் அவர் முதுகு நொறுங்கும். மேலே நிலவைச் சுற்றிவரும் துறைமுகத்திடம், வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"துறைமுகம் பேசுகிறது. வேகத்தைக் குறைத்தால் நீங்கள் மேலே வந்து சேர மாட்டீர்கள். மன்னிக்கவும், டாக்டர்."

நாள் 615. மாலை 17:15.

ஒரே வழி. அவரைத் தொட்டிக்குள், தண்ணீரில் மிதக்கவிடுகிறேன். தண்ணீர் எல்லாப் பக்கமும் சமமாகத் தாங்கும். தாங்கி இல்லாமல், விண்வெளி உடையோடு தூக்கிப் போனேன். இங்கே அவர் கனமே இல்லை. எங்கே பிடிப்பது என்றுதான் தெரியவில்லை. வழியில் ஒரு தடவை 'டக்' என்று கேட்டது. இன்னொரு எலும்பு.

தொட்டிக்குள் ரேடியோ எடுக்காது. வலது கையில் ஒரு ஸ்பேனரைக் கட்டிவிட்டேன். அவர் சுவரில் தட்டினால் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். நான் இரண்டு முறை தட்டினால் அவர் நிறுத்த வேண்டும்.

நாள் 615. 18:02. குரல் பதிவு.

கிளம்பிவிட்டோம். மூச்சு... நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். என் முதுகுக்குப் பின்னால்தான் தொட்டிச் சுவர். ஸ்பேனர் கேட்கிறது. கணீரென்று கேட்கிறது. தட்டுங்கள், இசக்கிராஜ். தட்டுங்கள்.

18:06. குரல் பதிவு.

சத்தம் மாறிவிட்டது. இரும்புச் சத்தம் இல்லை. மந்தமாக, மெத்தென்று கேட்கிறது. ஸ்பேனர் நழுவிவிட்டது. கையாலேயே தட்டுகிறார். கடவுளே, அந்தக் கையால்.

இரண்டு முறை தட்டினேன். மறுபடியும் இரண்டு முறை.

18:09. குரல் பதிவு.

இயந்திரம் நின்றுவிட்டது. பின்னால் சத்தம் இல்லை. துறைமுகம் போய்ச் சேரும்வரை தொட்டியைத் திறக்க முடியாது. காதைச் சுவரில் வைத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது.

நிறுத்தச் சொன்னேன். நின்றுவிட்டது. நான் சொன்ன எதையும் இந்த மனிதர் இதுவரை கேட்டதில்லை.