வலது லீவர்

ஜனவரி 12

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். அந்தப் பாறைக்காட்டில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. நான் ஓட்டிய மண் அள்ளும் எக்ஸ்கவேட்டரைத் தகட்டில் செய்யப் போகிறேன். பதினான்கில் ஒரு பங்கு அளவு, ரிமோட்டில் ஓடும். ஜன்னலோர மேஜைக்குத் தகடும் கத்தரியும் வந்து சேர்ந்துவிட்டன. மத்தியான வெயில் தகட்டில் பட்டு, கூரையில் தண்ணீர் மாதிரி ஆடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரம் போவது தெரிவதில்லை.

ஏன் இந்த வேலை என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். வண்டி கவிழ்ந்து நான்கு வருஷம் ஆகிறது. லீவரைப் பிடித்தபடி கனவு கண்டுவிட்டேன் என்று விசாரணையில் எழுதினார்கள். நான் கனவு காண்கிறவன்தான், அது ஊரறிந்த விஷயம். அதனால் நானும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அதில் போன என் கால் போகட்டும் மச்சான். என் வலது கை அன்று தவறியதா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். கையில் மறுபடி ஒரு லீவர் வந்தால் கையே சொல்லிவிடும் என்று ஒரு நப்பாசை.

அந்த வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து மாட்டிய மெக்கானிக் நீங்கள். அளவுகளை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை


ஜனவரி 29

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. சிரிக்கவில்லை. இங்கே இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் படுத்துவிட்டதால் உடனே எழுத முடியவில்லை.

அளவுகள் தனித்தாளில் இருக்கின்றன. பெரிய கை, அதாவது பூம், நாற்பது சென்டிமீட்டர். பக்கெட் அகலம் எட்டுக்குச் சற்றுக் குறைவு. பூமை ஒரே தகட்டில் மடிக்காதீர்கள், முறுக்கிக்கொள்ளும். நாலு பக்கமும் தனித்தனியாக வெட்டி ஈயம் வைத்துப் பற்றவையுங்கள்.

கை தவறியதா என்று இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது? நடந்தது நடந்துவிட்டது. பொம்மை செய்யுங்கள், பொழுது போகும். அதற்கு மேல் அதில் எதையும் தேட வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மச்சான்


மார்ச் 3

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் பேச்சைக் கேட்காமல் பூமை ஒரே தகட்டில் மடித்தேன். பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டது. பட்டால்தானே புத்தி வரும். இரண்டாவது முறை நீங்கள் சொன்னபடியே செய்தேன், நூல் பிடித்தது போல வந்துவிட்டது.

பூமின் நுனியில் சின்னக் கை, அதன் நுனியில் பக்கெட், கீழே செயின் எல்லாம் முடிந்தன. உங்கள் தங்கை வேலை பார்க்கும் சலவைக்கூடத்திலிருந்து வரும்போது உடைந்த குடை ஒன்றைக் கொண்டுவந்தாள். பிஸ்டன் கம்பிகளுக்கு அதுதான் உதவியது. கேபின் கதவைத் திறந்து மூடிப் பார்த்தவள், “இதாவது கவிழாம இருக்கட்டும். தூக்கம் வந்தா ரிமோட்ட கீழ வச்சிடுங்க” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. நான்கு வருஷமாக அவள் மனதில் இருப்பது அதுதான். நேராகச் சொன்னதில்லை, அவ்வளவே.

அரம் போடும்போது நாற்காலி லேசாக அதிர்கிறது. கண்ணை மூடினால் கேபினுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். ஈரமண் வாசனை வருகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூம் மெதுவாக, மிக மெதுவாக எழுகிறது. எனக்கு இரண்டு காலும் இருக்கின்றன. கண்ணைத் திறந்தால் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கிறது. இந்தக் கனவு பிழையென்றால் பிழையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி மோட்டார்களுக்கு வயர் இணைக்க வேண்டியதுதான் பாக்கி.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அவசரமாக எழுதுகிறேன். வயரை மட்டும் தொடாதீர்கள். ஏப்ரல் கடைசியில் லீவு கேட்டிருக்கிறேன், நானே வந்து இணைத்துத் தருகிறேன். எந்த லீவர் எதைத் தூக்கும் என்பது சின்ன விஷயமில்லை. இந்த ஒரு முறையாவது என் பேச்சைக் கேளுங்கள்.

உங்கள் மச்சான்


ஏப்ரல் 6

அன்புள்ள மச்சானுக்கு,

கேட்கவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டினால் யாரால் சும்மா இருக்க முடியும்?

ஞாயிறு மத்தியானம் இணைத்தேன். வண்டி மேஜை ஓரத்தில் நின்றது. கீழே முக்காலியில் ஒரு மண் தட்டு. பக்கெட் பல் அந்தத் தட்டின் விளிம்பைக் கவ்வியிருந்தது. பூமைத் தூக்கலாம் என்று வலது லீவரை என் பக்கம் இழுத்தேன். பூம் எழவில்லை. அதற்குப் பதில் சின்னக் கை உள்ளே மடங்கியது. பக்கெட் தட்டை விடவில்லை. வண்டி தன்னைத்தானே விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போய், குப்புற என் மடியில் விழுந்தது.

வயரைப் பார்த்தேன். இரண்டை இடம் மாற்றிச் செருகியிருக்கிறேன். வலது லீவருக்குப் போக வேண்டியது இடதுக்குப் போயிருந்தது.

மச்சான், நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெயில் சுவரில் ஏறி மறையும் வரை உட்கார்ந்திருந்தேன். அன்றும் வண்டி இப்படித்தான் போனது. ஒரு இம்மி மாறாமல் இப்படித்தான். சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும் முதல் இழுப்பு அது.

கேபினுக்குப் பின்னால் சின்னக் கதவுக்குள் ஒரு கைப்பிடி உண்டு. அதைத் திருப்பினால் லீவர்கள் இரண்டும் வேலையை மாற்றிக்கொள்ளும். உங்களுக்கு அப்படி மாற்றிய பழைய முறைதான் கைப்பழக்கம் என்று எனக்குத் தெரியும். அன்று சாப்பாட்டு நேரத்தில் வண்டியைச் சோதித்துப் பார்த்தது நீங்கள். நான் ஏறியபோது அந்தக் கைப்பிடி மாறியே கிடந்ததா?

தப்பாகக் கேட்டிருந்தால் என்னை நாலு வார்த்தை திட்டி எழுதுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் ஒரே வரி போதும்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆமாம்.

ஒரு வரி போதும் என்றீர்கள். எனக்குப் போதவில்லை.

அன்று வண்டியில் இருந்த எண்ணெய்க் கசிவைச் சரிசெய்துவிட்டு, ஓட்டிப் பார்க்கக் கைப்பிடியை என் பழக்கத்துக்குத் திருப்பினேன். வண்டியைப் பள்ளத்தின் விளிம்பில் விட்டு, பக்கெட்டைக் கீழே பாறையில் கொக்கி போட்டு நிறுத்தினேன். இறங்கும்போது யாரோ கூப்பிட்டார்கள். திருப்பி வைக்க மறந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே ஏறுவதைப் பார்த்தேன். அப்போதும் நினைவு வரவில்லை. வண்டி சாய்ந்தபோதுதான் வந்தது.

மறுநாள் விசாரணைக்காரர்கள் வருவதற்கு முன், கவிழ்ந்து கிடந்த வண்டியில் ஏறி அதைத் திருப்பி வைத்தேன். மறந்தது ஒரு நாள். மறைத்தது நான்கு வருஷம். இவ்வளவு தூரம் வந்து வேலை பார்ப்பது சம்பளத்துக்காக இல்லை மாப்பிள்ளை, உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான்.

உங்கள் கை தவறவில்லை. அன்று நீங்கள் கனவு காணவில்லை. இதை அப்படியே விசாரணை ஆபீசுக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. தங்கச்சியிடம் காட்டுங்கள். எனக்குச் சொல்ல வாய் இல்லை.

லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வா என்றால் வருகிறேன்.

உங்கள் மச்சான்


மே 11

மெக்கானிக் அவர்களுக்கு,

கடிதமும் நகலும் கிடைத்தன.

உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். ஜன்னலோரம் நின்றபடியே இரண்டு முறை படித்தாள். மடித்து வைத்துவிட்டு, ஈயம் சுட்ட தழும்புகளோடு இருந்த என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “நாலு வருஷமா இந்தக் கையத்தான் மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன்” என்றாள். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவளே ரிமோட்டைக் கேட்டாள். “எது தூக்கும்?” என்றாள். வயர்கள் இப்போது சரியாக இருக்கின்றன. அவள் விரல்மேல் என் விரலை வைத்து இழுத்தேன். ஒரு பக்கெட் மண் மெதுவாக எழுந்து, ஜன்னல் வெளிச்சத்தில் போய் நின்றது. கீழே இறக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

எனக்குக் கோபம் இருக்கிறது. மறந்ததற்கு இல்லை. மறதி யாருக்கும் வரும். லீவரை ஒரு முறை அசைத்துப் பார்க்காமல் நானும்தான் இழுத்தேன். ஆனால் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தந்தீர்களே, அந்த இருபத்து மூன்று நாட்களை நான் என்ன செய்வது? அதற்குப் பதில் தெரியும்வரை வர வேண்டாம்.

மேலே எப்படி எழுதத் தொடங்கியிருக்கிறேன் என்று பார்த்திருப்பீர்கள். பழையபடி எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை போகவில்லை. அதை நான் வற்புறுத்தப் போவதில்லை. கை தானாக மச்சான் என்று எழுதும் நாளில் உங்களுக்கு அடுத்த கடிதம் வரும். அது தவறாத கை.

இப்படிக்கு,
ஆபரேட்டர்